கேள்வி டீச்சரின் காது

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "டீச்சர், பாத்ரூம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டான். புவியியல் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார், "ரொம்ப நல்ல கேள்வி. இதுக்கு யாரு பதில் சொல்றீங்க?" என்றார்.

வகுப்பு கொஞ்சம் திகைத்தது. பிறகு பழக்கதோஷத்தில் மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். ஒருத்தி, போகலாம் என்றாள். இன்னொருத்தன், இவன் போன பீரியடில்தான் போய்விட்டு வந்தான் என்றான். மூன்றாவது ஆள், இதை அவசரப்படாமல் எல்லாப் பக்கமும் யோசிக்க வேண்டும் என்றான். கேள்வி கேட்டவன் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். விவாதம் சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடித்தது, பையன் பிழைத்தான்.

விஷயம் வேறொன்றுமில்லை. டீச்சருக்குக் காது கேட்கவில்லை. முழுக்கவே கேட்காது என்று சொன்னால் அது பொய். பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, தொண்டையைத் திறந்து பேசினால் கேட்கும். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எந்தக் காலத்தில் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்? இரண்டு வருஷமாக வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் டீச்சர் காதில் விழுந்தது ஒரு முணுமுணுப்புதான். அதனால் வந்த கேள்வியை வந்த வழியே வகுப்புக்குத் திருப்பி அனுப்பும் வித்தையைக் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துப் பிடித்துப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். "சபாஷ்" என்பார் டீச்சர். சரியான பதிலுக்கும் சபாஷ், பூமி தட்டை என்று முடித்த நாளிலும் சபாஷ்.

இதில் கொடுமை என்னவென்றால், போன வருஷம் கல்வித் துறையிலிருந்து ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மெய்சிலிர்த்துப் போனார். இந்த ஆசிரியை பதிலே சொல்வதில்லை, மாணவர்களே தேடிக் கண்டடைகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார். ‘மாணவர் மைய வகுப்பறை’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். விழாவில் டீச்சர் பெயரை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கோ பரிசு போலிருக்கிறது என்று டீச்சரும் சேர்ந்து நன்றாகத் தட்டினார்.

வகுப்புக்கு வெளியே அவருடைய ஆயுதம் தலையாட்டல். யார் பேசினாலும் புன்னகையோடு ஒரு ஆட்டு. இப்படித் தலையாட்டியே பள்ளிக்கூடத்தின் ஏழு கமிட்டிகளில் ஐந்துக்குத் தலைவராகிவிட்டார். வீட்டிலும் இதே கூத்து. வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர், நுணுக்கமான வேலை, அதனால் பேச்சும் நுணுக்கமாகத்தான் வரும். அவர் ஏதோ சொன்னார், டீச்சர் தலையாட்டினார். மறுவாரம் நாத்தனார் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார். "நீதானே சரின்னே," என்றார் வீட்டுக்காரர். ஆமாம், டீச்சர்தான் தலையாட்டியிருந்தார். மறுக்க முடியுமா?

சரி, ஒரு டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போனார். யாருக்கும் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை, காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றார்கள். காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போன நர்ஸ், "நாலு தடவை கூப்பிட்டோமே, எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வெட்கம் ஒரு பங்கு என்றால் பயம் மூன்று பங்கு. அவர் கண் முன்னால் டிரில் சாரின் கதை இருந்தது. முழங்கால் போய்விட்டது என்று அந்த மனுஷன் உண்மையைச் சொன்னார். பரிதாபப்பட்டு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பந்துகளுக்கு நம்பர் எழுதுகிறார். மொத்தம் பதினோரு பந்து. எழுதி முடித்ததும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். டீச்சருக்கு வகுப்பு என்பது உயிர். கரும்பலகையில் ஒரு ஆற்றை மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே கோட்டில் இழுத்து முடிக்கும்போது வருகிற சந்தோஷம் அவருக்கு வேறெதிலும் வந்ததில்லை. அதை விட்டுவிட்டு பந்துக்கு நம்பர் போட அவரால் முடியாது.

இந்த நிலைமையில்தான் ஆன்டெனா வந்து சேர்ந்தாள்.

வருஷத்தின் நடுவில் சேர்ந்த பெண். இரண்டு காதிலும் மெஷின். முதல் நாள் வகுப்பு முன்னால் நின்று, "எனக்கு காது சரியா கேக்காது. நீங்க எல்லாம் பட்டப்பேர் யோசிச்சு சிரமப்பட வேண்டாம், நானே வச்சுக்கிட்டேன். ஆன்டெனா," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வகுப்பிலிருந்த பட்டப்பெயர் நிபுணர்கள் எல்லாம் வேலை போனதுபோல் முழித்தார்கள்.

அவளுக்காகக் கல்வித் துறை ஒரு ஏற்பாட்டை அனுப்பியது. கம்ப்யூட்டர் சார் ஏணி போட்டு ஏறி, கரும்பலகைக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு திரையை மாட்டினார். டீச்சர் கழுத்தில் ஒரு சின்ன மைக், ஒவ்வொரு பெஞ்சு வரிசைக்கும் ஒரு மைக். யார் வாயைத் திறந்தாலும் பேச்சு எழுத்தாகத் திரையில் வந்து விழும், எந்த வரிசை என்றும் போடும். கம்ப்யூட்டர் சார் இதையெல்லாம் விளக்கினார். டீச்சர் தலையாட்டினார்.

முதல் நாள் பாடம் ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் திரையில் ஒரு வரி ஓடியது.

‘கடைசி வரிசை: டேய், டீச்சர் டெஸ்டை மறந்துட்டாங்கடா.’

டீச்சர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கடைசி பெஞ்சின் குரலை அவர் கேட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. கண் கலங்கியது. அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறக்கல. நோட்டை எடுங்க," என்றார்.

திரை ‘(மௌனம்)’ என்று காட்டியது.

அந்த மெஷினுக்குத் தாட்சண்யமே கிடையாது. பேச்சு மட்டுமல்ல, சத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டும். (சிரிப்பு), (இருமல்), (கொட்டாவி). ஒரு பீரியடில் எத்தனை கொட்டாவி என்று டீச்சர் எண்ணிப் பார்த்துவிட்டு, பாறை வகைகள் பாடத்தைப் பாதியாகச் சுருக்கினார். (கீச் கீச் சத்தம்) என்று ஒன்று அடிக்கடி வந்தது. யார் அது என்று மூன்று நாள் வரிசை வரிசையாக நடந்து தேடினார். நடக்க நடக்க அதிகமாக வந்தது. நான்காம் நாள்தான் அது தன்னுடைய செருப்பு என்று தெரிந்தது.

எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், டீச்சரும் பார்க்கிறார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் டீச்சர் ஒரேயடியாக மாறிப்போனார். யார் கேள்வி கேட்டாலும் பதில் சொன்னார். சின்னக் கேள்விக்கு அரை மணி நேரம் சொன்னார். இரண்டு வருஷத்துப் பதில் உள்ளேயே தேங்கிக் கிடந்ததில்லையா, மடை திறந்துவிட்டது. விவாதம் செய்தே பழகிய பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை.

"டீச்சர், நாங்களே கண்டுபிடிக்கறோமே, எப்பவும் போல," என்று ஒருத்தி கேட்டாள்.

"எதுக்கு? நான் இங்க எதுக்கு நிக்கறேன்?" என்றார் டீச்சர்.

இன்னொரு விஷயமும் நடந்தது. திரை ஆன்டெனாவுக்கு வந்ததுதான். ஆனால் மெதுவாக எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள், டீச்சர் சொன்னதில் பாதி எப்போதும் அவள் நோட்டில் இருக்காது. அவள் இப்போது திரையைப் பார்த்து முழுதாக எழுதினாள். ஜன்னல் வழியாகப் பறந்து போய்விட்டு அரை மணி கழித்துத் திரும்பி வரும் ஒரு கனவுக்காரன் இருந்தான். திரும்பி வந்ததும் கடைசி ஆறு வரியைப் படித்துவிட்டு, இங்கேயே இருந்தவன் மாதிரி கை தூக்கினான். வேறு மொழி பேசும் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பையன், காதில் வழுக்கிப் போன சொற்களைத் திரையில் பிடித்து எழுத்துக்கூட்டினான். டீச்சர் இதையெல்லாம் பார்த்தார். ஆனால் உள்ளுக்குள் நினைத்தது ஒன்றுதான். கடவுளே, இந்தத் திரை மட்டும் இங்கேயே இருக்கட்டும்.

இப்படி நினைத்தால் அந்தப் பொருள் நிலைக்குமா?

இரண்டு மாதம் கழித்து ஆன்டெனாவுக்குப் புதுக் காது மெஷின் வந்தது. டீச்சர் கழுத்து மைக்கில் பேசுவது நேராக அவள் காதுக்குள் போய் விழுந்தது. "இப்ப எனக்கு திரை தேவையில்ல டீச்சர், பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி கேக்குது. நீங்க ஸ்டாஃப் ரூம்ல டீ உறிஞ்சறது வரைக்கும் கேக்குது, மைக்கை ஆஃப் பண்ணிட்டுப் போங்க," என்றாள். அவள் எப்போதும் முகத்துக்கு நேராக நின்று பேசுவாள், அதனால் டீச்சருக்கு இது முழுக்கக் கேட்டது. கேட்காமலிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் தலைமையாசிரியையிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. எட்டாம் வகுப்புத் திரை வரும் திங்களன்று கழற்றப்பட்டு வேறு பள்ளிக்கு அனுப்பப்படும், வகுப்பாசிரியருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அந்த வகுப்பாசிரியர் டீச்சர்தான். கண்ணை மூடினால் டிரில் சாரும் பதினோரு பந்தும் தெரிந்தன.

அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மெதுவாக எழுதும் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கலாம். கனவுக்காரனைப் பற்றி எழுதியிருக்கலாம். உண்மையே போதுமானதாக இருந்தது. ஆனால் பயந்தவருக்கு உண்மை பலவீனமாகத் தெரியும். ‘இம்மாணவி திரையின்றிப் பாடத்தைப் பின்பற்ற இயலாத நிலையில் உள்ளார்’ என்று எழுதினார். பார்க்க நன்றாக இருந்தது. கையெழுத்தும் அழகு, நடையும் ஓடியது, நிறுத்த முடியவில்லை. ‘புதிய கருவியினால் எவ்விதப் பயனும் இல்லை. கற்றலில் பெரும் பின்னடைவு காணப்படுகிறது. சக மாணவர்களுடன் பழக இயலாமல் தனிமையில் வாடுகிறார்.’ இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனா ஏழெட்டுப் பேரைச் சுற்றி உட்கார வைத்து, கீச் கீச்சென்று டீச்சர் மாதிரியே நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்களன்று திரையைக் கழற்ற யாரும் வரவில்லை. டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வியாழக்கிழமை வரைக்கும் தாங்கியது. வியாழக்கிழமை சிறப்புக் கல்வி அலுவலர் வந்தார். டீச்சரையும் ஆன்டெனாவையும் தலைமையாசிரியை அறைக்கு வரச் சொன்னார்கள். பெண்ணின் அம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவர் இன்னும் வரவில்லை.

அந்த அறை டீச்சரை ஒழிப்பதற்கென்றே கட்டியது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடும். தலைமையாசிரியை எப்போதும் குனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். அலுவலருக்கோ அன்றைக்கென்று பார்த்து ஜலதோஷம், வாயையும் மூக்கையும் சேர்த்துக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். ஆன்டெனா மேசையின் அந்தப் பக்கம், எல்லோர் முகமும் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

அலுவலர் கைக்குட்டைக்குள் ஏதோ சொன்னார். டீச்சர் தலையாட்டினார். தலைமையாசிரியை ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, பதிவேட்டிடம் ஏதோ கேட்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்றார் டீச்சர், பழைய வித்தை கைகொடுக்கும் என்று.

மேடம் தான் நினைத்ததை நீளமாகப் பதிவேட்டுக்குச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். அலுவலர் கடைசியாக ஒன்று கேட்டார். முக்கியமான கேள்வி போலிருந்ததால் டீச்சர் கொஞ்சம் அழுத்தமாகவே ஆட்டினார். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது டீச்சருக்குத் தெரியாது. டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் நமக்கும் தெரியாது. அலுவலர் பேனா மூடியைத் திறந்ததும், ஆன்டெனாவின் முகம் வெளிறிப்போனதும் மட்டும் தெரிந்தது.

அவள் பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்து வேகமாக எழுதி டீச்சர் பக்கம் தள்ளினாள்.

‘டீச்சர், நீங்க எதுக்குத் தலையாட்டினீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?’

அதற்குக் கீழே இன்னொரு வரி.

‘என்னை இந்த ஸ்கூல்லருந்து எடுத்து, காது கேக்காதவங்க ஸ்கூலுக்கு மாத்தறதுக்கு. மூணு தடவை சரின்னு சொல்லிட்டீங்க.’

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல, இல்ல, அது வேண்டாம்," என்று எழுந்தே விட்டார். அலுவலர் கைக்குட்டைக்குள் ஒரு சொல் சொன்னார். அநேகமாக ‘ஏன்’ என்றிருக்கும். ‘எப்போது’ என்றும் இருக்கலாம். டீச்சருக்கு இப்போதும் ஒரு வழி இருந்தது. தேறி வருகிறாள், இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம், திரை மட்டும் இருக்கட்டும் என்று இன்னொரு பொய்யைச் சொன்னால் பெண்ணும் பிழைப்பாள், தானும் பிழைக்கலாம். வாக்கியம் கூட மனதுக்குள் தயாராகிவிட்டது.

கதவு திறந்தது. பஸ் டிரைவர் சீருடையில் ஆன்டெனாவின் அம்மா உள்ளே வந்தார். பத்து வருஷமாக இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை.

"பஸ்ஸை வாசல்ல நிறுத்திட்டு வந்திருக்கேன், உள்ள முப்பது பேர் உக்காந்திருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க. என் பொண்ணுக்குப் பாடம் புரியலைன்னு எழுதினது யாரு?"

அந்த அறையில் டீச்சருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"நான்தாம்மா."

"அவதான் கிளாஸ்ல முதல் ரேங்க். மார்க் ஷீட்டுல நீங்கதானே கையெழுத்து போட்டீங்க? அவளுக்கா புரியல?"

டீச்சர் ஆன்டெனாவைப் பார்த்தார். எப்போதும் வாய் ஓயாத பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தயாராக இருந்த வாக்கியம் தொண்டையோடு நின்றுவிட்டது.

"எல்லாருக்கும் முன்னாடி அவளுக்குத்தாம்மா புரியும். எனக்குத்தான் காது கேக்கல. திரை எனக்கு வேண்டியிருந்தது. அதுக்காக அவளைப் பத்திப் பொய்யா எழுதிட்டேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டீச்சருக்குத் தெரிந்தது வாய்கள் அசைவதும் மின்விசிறி சுற்றுவதும்தான். சரி, முடிந்தது கதை, ஸ்டோர் ரூமில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அப்போது ஆன்டெனா எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரஃப் நோட்டை இருவருக்கும் நடுவில் வைத்து, எழுத ஆரம்பித்தாள்.

‘எச்.எம்.: எத்தனை நாளா?’

"ரெண்டு வருஷமா மேடம்," என்றார் டீச்சர்.

‘ஆபீசர்: (தும்மல்)’

‘எச்.எம்.: அப்ப அந்த விருது?’

"கேள்வி காதுல விழாததால வந்தது மேடம்."

‘எச்.எம்.: அஞ்சு கமிட்டிக்கும் சந்தோஷமா ஒத்துக்கிட்டீங்களே?’

"என்னென்ன கமிட்டின்னு இன்னிக்கு வரைக்கும் முழுசாத் தெரியாது மேடம்."

‘அம்மா: (கோபம். இது உங்களுக்கே கேக்கும்.)’

கேட்டது. பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும். டீச்சர் அந்தத் திட்டு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். ஒரு இடத்தில்கூடத் தலையாட்டவில்லை. அது முடிந்ததும் நோட்டில் புது வரி வந்தது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

‘நான்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் திரை வேணும்னு நானே சொல்லியிருப்பேன். தனிமையில வாடறேன்னு எதுக்கு எழுதினீங்க?’

"தப்பு பண்ணிட்டேன்மா. ரொம்பப் பெரிய தப்பு. பயத்துல உன்னை மாட்டி விட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு," என்றார். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு மாணவியிடம் அவர் கேட்ட முதல் மன்னிப்பு அது. நியாயமாகப் பார்த்தால் இதற்கு முன்பும் நாலைந்து பேரிடம் கேட்டிருக்க வேண்டும், அது வேறு கதை.

தலைமையாசிரியையின் வாய் அசைந்ததைப் பார்த்ததும் ஆன்டெனா மறுபடி பேனாவை எடுத்தாள். ‘எச்.எம்.: அப்போ டிரில் சார் மாதிரி உங்களையும்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். மீதியை எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு, மேடம் பக்கம் திரும்பி என்னமோ வேகவேகமாகச் சொன்னாள். டீச்சருக்கு அவளுடைய பின்னந்தலைதான் தெரிந்தது. நல்லவேளையாக அவள் அம்மாவுக்கு, யார் எதைச் சொன்னாலும் அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் இருந்தது.

"அவ கேக்கறது சரிதானே? காதுல மெஷின் மாட்டிக்கிட்டு பொண்ணு கிளாஸ்ல உக்காரலாம், சுவத்துல மெஷின் மாட்டிக்கிட்டு டீச்சர் கிளாஸ்ல நிக்கக் கூடாதான்னு கேக்கறா. எனக்கு இந்தம்மா மேல கோபம் இருக்கு. ஆனா என் பொண்ணு வீட்டுக்கு வந்து கடல், காத்து, மலைன்னு காது புளிக்கப் பேசறது இவங்க சொல்லிக் கொடுத்துத்தான். இந்த மேடம் என்ன சொல்றாங்க?"

இந்த மேடம் பதிவேட்டை மூடினார். நோட்டில் வரிகள் மறுபடி ஓடத் தொடங்கின.

‘எச்.எம்.: ஆனா திரை மாணவருக்குத்தானே கொடுப்பாங்க? டீச்சருக்குக் கொடுக்க விதி இருக்கா?’

‘ஆபீசர்: (பையைத் தேடறார்) (தும்மல்) படிவத்துல பயனாளர்னுதான் போட்டிருக்கு. பயனாளர் சின்னவரா பெரியவரான்னு கேக்கல.’

‘எச்.எம்.: பரிந்துரையை வகுப்பாசிரியர் எழுதணுமே?’

"வேண்டாம்," என்றார் பஸ் டிரைவர். "இவங்க எழுதின வரைக்கும் போதும். என் பொண்ணு எழுதட்டும்."

அலுவலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு படிவத்தை ஆன்டெனா பக்கம் தள்ளினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினாள். டீச்சர் அவள் தோளுக்கு மேலாகப் படித்தார்.

பயனாளர்: எங்கள் புவியியல் டீச்சர்.

குறைபாடு: காது. பொய் சொன்னதும் உண்டு, அதற்கு மெஷின் தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வேறு யாருக்குப் பயன்படும்: மெதுவாக எழுதுபவள், கனவு காண்பவன், நம் மொழி புதிதாகப் படிப்பவன், டெஸ்ட் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டிய எல்லோரும்.

காரணம் என்ற இடத்தில் அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது, யாரோ பயணி பொறுமையிழந்துவிட்டார் போலிருக்கிறது. ‘கடல் ஏன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வருகிறது என்று எனக்கு இதற்கு முன் மூன்று டீச்சர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இவர் சொன்னபோதுதான் புரிந்தது. எனக்கு இவர் மேல் கோபம். ஆனாலும் இவர் வேண்டும்’ என்று எழுதினாள்.

டீச்சருக்கு எழுத்துகள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

படிவத்தில் கடைசியாக ஒரே ஒரு கட்டம் இருந்தது. எவ்வளவு காலத்துக்குத் தேவை. ஆன்டெனா அங்கே பேனாவை வைத்தபடி, குனிந்த தலை நிமிராமல் ஏதோ கேட்டாள். டீச்சருக்கு அவளுடைய வகிடும், இரண்டு பக்கமும் இரண்டு மெஷினும் தெரிந்தன. அவ்வளவுதான். தலைமையாசிரியையும் அலுவலரும் அம்மாவும் பதிலுக்காக டீச்சரையே பார்த்தார்கள். கழுத்து தானாக அசையப் பார்த்தது. டீச்சர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குக் கேக்கலம்மா. நிமிர்ந்து, என்னைப் பாத்துச் சொல்லு."

ஆன்டெனா நிமிர்ந்தாள். டீச்சர் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னாள்.

"நீங்க எங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாடம் எடுப்பீங்கன்னு கேட்டேன் டீச்சர்."

"ரிட்டயர் ஆகற வரைக்கும். நாலு," என்றார் டீச்சர்.

அவள் குனிந்து, கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக, நாலு என்று எழுதினாள்.